பெயர் யாருடையது?

(புதிதாகத் தொழில் தொடங்கும் கற்போரிடையே ஆற்றிய உரை)



இந்தக் கூட்டத்தில் அப்பளம் போடுகிறவர்கள் இருக்கிறீர்கள். தையல் வேலை செய்கிறவர்கள் இருக்கிறீர்கள். ஊறுகாயும் மசாலாப் பொடியும் செய்து விற்கிறவர்கள் இருக்கிறீர்கள். தள்ளுவண்டியில் இட்லி விற்கிறவர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் தொழிலுக்குப் பெயர் என்ன?

சிலர் சிரிக்கிறீர்கள். “நாளைக்குப் பத்து கிலோ அப்பளம் போடுகிறோம். இதற்குப் பெயர் வேறு வேண்டுமா?” என்று நினைக்கிறீர்கள்.

வீட்டில் ஒரு குழந்தை பிறக்கிறது. என்ன செய்கிறோம்? பெயர் வைக்கிறோம். பிறப்பைப் பதிவு செய்கிறோம். சான்றிதழ் வாங்குகிறோம். அந்தச் சான்றிதழில் தாய் தந்தை பெயர் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கிறோம்.

தொழிலுக்கும் இந்த மூன்று காரியங்கள் உண்டு. பெயர் வைக்க வேண்டும். பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த மூன்றாவது காரியத்தைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அதைப் பற்றிப் பேசவே இன்று வந்திருக்கிறேன்.

ஏழு பெண்கள், எண்பது ரூபாய்

1959ஆம் ஆண்டு, மார்ச் 15. பம்பாயில் கிர்காவ் என்ற பகுதி. அங்கே ஒரு பழைய கட்டடத்தின் மொட்டைமாடியில் ஏழு பெண்கள் கூடினார்கள். அவர்கள் குஜராத்திக் குடும்பத்துப் பெண்கள். அதிகம் படித்தவர்கள் அல்லர். அப்பளம் போடத் தெரியும். எண்பது ரூபாய் கடன் வாங்கினார்கள். உளுந்து மாவும் பெருங்காயமும் வாங்கினார்கள். அன்றைக்கு நான்கு பாக்கெட் அப்பளம் போட்டார்கள். தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் விற்றார்கள்.

முதல் ஆண்டில் மழைக்காலம் வந்தது. வெயில் இல்லை. அப்பளம் காயவில்லை. நான்கு மாதம் வேலை நின்றது. அடுத்த ஆண்டு அவர்கள் ஒரு வழி கண்டார்கள். கட்டிலையும் அடுப்பையும் வாங்கினார்கள். கட்டிலின் மேல் அப்பளத்தைப் பரப்பினார்கள். கட்டிலுக்குக் கீழே அடுப்பை வைத்தார்கள். மழையிலும் அப்பளம் காய்ந்தது.

தொழில் வளர்ந்தது. ஆனால் அப்பளத்துக்குத் தனிப் பெயர் இல்லை. 1962இல் ஒரு போட்டி வைத்தார்கள். நல்ல பெயர் சொல்பவருக்கு ஐந்து ரூபாய் பரிசு. ஒரு பெண் சொன்ன பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பெயர் ‘லிஜ்ஜத்’. சுவை என்று பொருள்.

1966ஆம் ஆண்டு ஜூலையில் அமைப்பைச் சங்கமாகப் பதிவு செய்தார்கள். அதற்கு உதவியது 1860ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டம். அந்தச் சட்டப்படி சங்கம் அமைக்க ஏழு பேர் இருந்தால் போதும்.

இன்று லிஜ்ஜத் அப்பளத்தை நாடெங்கும் விற்கிறார்கள். வெளிநாடுகளுக்கும் அனுப்புகிறார்கள். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் உறுப்பினர்கள். அங்கே அப்பளம் போடுகிற பெண்தான் பங்குதாரர். வேறு முதலாளி கிடையாது. ஆண்கள் அங்கே சம்பளத்துக்கு வேலை செய்யலாம். உறுப்பினர் ஆக முடியாது.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது எது? எண்பது ரூபாய் பெரிதல்ல. ஐந்து ரூபாய்ப் பரிசும் பெரிதல்ல. உழைத்தவர்களின் சங்கத்திடமே பெயரும் பதிவும் இருந்தன. அதனால்தான் லாபமும் அவர்களிடம் வந்தது.

பெயர் வைக்கும்போது

நல்ல பெயர் எப்படி இருக்க வேண்டும்? சொல்ல எளிதாக இருக்க வேண்டும். எழுத எளிதாக இருக்க வேண்டும். ஒருமுறை கேட்டவர் மறுமுறை கடையில் வந்து கேட்க வேண்டும். உங்கள் பெயரை நீங்களே எழுத்துக் கூட்டிப் படிக்க முடிய வேண்டும். இதுவும் முக்கியம்.

சில பெயர்களை வைக்கக் கூடாது. வேறு சில பெயர்களை வைக்கலாம். ஆனால் அவற்றால் பயன் குறைவு.

முதலாவது, தேசியக் கொடி, அசோகச் சக்கரம், அரசு முத்திரை ஆகியவற்றைப் போட்டு வியாபாரம் செய்யக் கூடாது. மகாத்மா காந்தி பெயரையும் படத்தையும் போடக் கூடாது. இதற்கு 1950ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. மரியாதைக்காகத்தான் போட்டோம் என்று சொன்னாலும் செல்லாது.

இரண்டாவது, சில பெயர்கள் ஓர் ஊருக்கே சொந்தம். டார்ஜிலிங் தேயிலை, மைசூர் பட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலை மிட்டாய். இவை புவிசார் குறியீடு பெற்றவை. அந்த ஊர்ப் பகுதியில், அந்த முறைப்படி செய்பவர்கள்தான் அந்தப் பெயரைப் போடலாம். வேறோர் ஊரில் கடலை மிட்டாய் செய்து கோவில்பட்டி என்று எழுதினால் அது குற்றம்.

மூன்றாவது, ‘நல்ல ஊறுகாய்’, ‘சுத்தமான எண்ணெய்’ என்பவை பெயர்கள் அல்ல. பொருளைப் பற்றிய வர்ணனைகள். அவற்றை எல்லோரும் சொல்லலாம். எனக்கு மட்டும் கொடு என்று கேட்டால் சட்டம் எளிதில் கொடுக்காது.

நான்காவது, சாமி பெயர். நமக்குப் பிடித்தது அதுதான். வைக்கலாம், தவறில்லை. ஆனால் தெருவுக்கு நான்கு முருகன் ஸ்டோர்ஸ் இருக்கும். ‘முருகன் என்ற பெயர் எனக்கு மட்டும்தான்’ என்று சொல்ல முடியுமா? ஊதுபத்திக்கு ‘ராமாயண்’ என்ற பெயரைத் தனக்கு மட்டும் வேண்டும் என்று ஒருவர் கேட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. புனித நூலின் பெயரைத் தனி ஒருவர் தமக்கென்று உரிமை கொண்டாட முடியாது என்று 2015இல் தீர்ப்பு வந்தது.

ஐந்தாவது, அடுத்தவர் பெயர். நன்றாக விற்கிற ஒரு பொருளின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி வைப்பது. இது நேர்மையும் அல்ல. சட்டப்படி செல்லவும் செல்லாது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காதுக்கும் உரிமை உண்டு

அம்ருத்தாரா என்று ஒரு மருந்து இருந்தது. புகழ் பெற்ற மருந்து. பிறகு உத்தரப் பிரதேசத்தில் இன்னொருவர் லட்சுமண்தாரா என்று ஒரு மருந்தை விற்றார். இரண்டும் ஒரே மாதிரி நோய்களுக்கு. இரண்டாமவர் தம் பெயரைப் பதிவு செய்யக் கேட்டார். முதலாமவர் எதிர்த்தார். உச்ச நீதிமன்றம் 1962இல் தீர்ப்புச் சொன்னது.

நீதிமன்றம் என்ன சொன்னது? இரண்டு பெயர்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். ஆனால் கடைக்கு வருபவர் அப்படிப் பார்ப்பதில்லை. அவர் நினைவில் பெயர் முழுமையாக இருக்காது. படித்தவரும் வருவார், படிக்காதவரும் வருவார், கிராமத்துக்காரரும் வருவார். மொத்தத்தில் ஒலி ஒன்றுபோல இருந்தால் அவர் ஏமாறக்கூடும். ஆகவே இரண்டு பெயர்களும் குழப்பம் தருபவையே. இப்படி நீதிமன்றம் முடிவு செய்தது.

எழுத்துத் தெரியாதவரின் காதையும் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆகவே எழுத்தை மாற்றிவிட்டோம் என்று யாரும் தப்பிக்க முடியாது.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. லட்சுமண்தாரா பல ஆண்டுகளாக விற்பனையில் இருந்தது. அது தெரிந்தும் முதலாமவர் நீண்ட காலம் பேசாமல் இருந்தார். அதனால் உத்தரப் பிரதேசத்துக்குள் மட்டும் அந்தப் பெயரைப் பதிவு செய்ய நீதிமன்றம் அனுமதித்தது.

நமக்கு இதில் இரண்டு பாடங்கள். அடுத்தவர் பெயரைத் தொடாதே. உன் பெயரை அடுத்தவர் தொட்டால் சும்மா இராதே.

எந்தப் பதிவு எதற்கு?

பதிவு என்றால் ஒரே பதிவு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு.

உத்யம் பதிவு. இது மத்திய அரசின் சிறுதொழில் பதிவு. 2020ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும். கணினி வழியாகவே பதியலாம். காகிதம் எதையும் இணைக்க வேண்டாம். கட்டணம் ஒரு ரூபாய்கூட இல்லை. பான் அட்டை இல்லாத மிகச் சிறிய தொழிலாளர்களுக்கு ‘உத்யம் அசிஸ்ட்’ என்ற வழி 2023 முதல் இருக்கிறது. உங்கள் வங்கியில் கேளுங்கள். மாவட்டத் தொழில் மையத்திலும் உதவி கேட்கலாம்.

உணவுப் பதிவு. வாயில் போடும் பொருள் எதுவானாலும் இது கட்டாயம். தள்ளுவண்டிக்கும் உண்டு, வீட்டு ஊறுகாய்க்கும் உண்டு. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி சிறிய தொழிலுக்குப் பதிவு, பெரிய தொழிலுக்கு உரிமம். 14 இலக்க எண் ஒன்று தருவார்கள். அந்த எண்ணைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும்.

ஜி.எஸ்.டி. பதிவு. இது எல்லோருக்கும் வேண்டியதில்லை. பொருள் மட்டும் விற்பவருக்குப் பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் கட்டாயம். தையல் போன்ற சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் ரூபாய். ஆனால் வரி உள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு அனுப்பி விற்றால் விதி மாறும். அப்போது விவரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளூர் அனுமதி. ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஆகியவை தரும் அனுமதி இது. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபடும். தெருவில் விற்பவர்களுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி விற்பனைச் சான்றிதழ் உண்டு.

கூட்டாண்மைப் பதிவு. இரண்டு மூன்று பேர் சேர்ந்து கூட்டு வியாபாரம் செய்தால் ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்வது நல்லது. இது கட்டாயம் அல்ல. ஆனால் பதியாத கூட்டாண்மை, தனக்கு வர வேண்டிய கடன் பாக்கிக்காக வெளியார் மீது வழக்குப் போட முடியாது. 1932ஆம் ஆண்டின் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

வணிகக் குறிப் பதிவு. டிரேட் மார்க் என்று சொல்கிறார்களே, அதுதான். இது ஒன்றுதான் பெயருக்கான பதிவு.

இந்த இடத்தில் நிறுத்திச் சொல்கிறேன். உத்யம் சான்றிதழில் உங்கள் கடைப் பெயர் இருக்கும். அதனால் பெயர் உங்களுக்குச் சொந்தம் ஆகிவிடாது. அதே பெயரில் இன்னொருவரும் உத்யம் பதிவு பெற முடியும். ஜி.எஸ்.டி. பதிவும் உணவுப் பதிவும் அப்படியே. தொழில் நடக்கிறது என்பதற்கு அவை சாட்சி. பெயருக்குக் காவல் வணிகக் குறிப் பதிவுதான்.

அதற்கு எவ்வளவு செலவு? தனி நபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு பொருள் வகுப்புக்கு 4,500 ரூபாய். இது கணினி வழி விண்ணப்பத்துக்கான அரசுக் கட்டணம். மற்றவர்களுக்கு 9,000 ரூபாய். பொருள்களையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஊறுகாய் ஒரு வகுப்பு. துணி வேறு வகுப்பு. பதிவு கிடைத்தால் பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு பத்துப் பத்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். சென்னை, மும்பை, தில்லி, கொல்கத்தா, அகமதாபாத் ஆகிய நகரங்களில் பதிவு அலுவலகங்கள் உள்ளன. அதே பெயர் முன்பே பதிவாகி இருக்கிறதா என்று கணினியில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். லேபிள் அச்சடிப்பதற்கு முன்பே தேடுங்கள்.

“4,500 ரூபாய்க்கு இப்போது வழியில்லையே” என்று நீங்கள் கேட்கலாம். பரவாயில்லை. பதியாத பெயருக்கும் ஓரளவு பாதுகாப்பு உண்டு. யார் முதலில் பயன்படுத்தினார் என்று நீதிமன்றம் பார்க்கும். அதற்கு ஆதாரம் வேண்டும். முதல் பில், முதல் லேபிள், அச்சகத்தின் ரசீது ஆகியவற்றைத் தேதியோடு பத்திரமாக வையுங்கள். அது உங்கள் பெயருக்குப் பிறப்புச் சான்று.

கை நம்முடையது, பெயர் யாருடையது?

இப்போது மூன்றாவது காரியத்துக்கு வருகிறேன்.

பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து ஊறுகாய் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நல்ல பெயர் ஒன்று வைக்கிறார்கள். வியாபாரம் சூடு பிடிக்கிறது. மொத்த வியாபாரி ஒருவர் வருகிறார். “நீங்கள் எதற்கம்மா ஆபீஸ் ஆபீஸாக அலைகிறீர்கள்? பதிவு வேலையை எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார். நல்ல மனிதர்தான். செலவும் அவருடையது. பெண்களும் மகிழ்ச்சியோடு சரி என்கிறார்கள்.

மூன்று ஆண்டுகள் போகின்றன. எண்ணெய் விலை ஏறுகிறது. பாட்டிலுக்கு ஐந்து ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள். வியாபாரி மறுக்கிறார். “அப்படியானால் நாங்களே விற்றுக்கொள்கிறோம்” என்கிறார்கள் பெண்கள். “தாராளமாக விற்றுக்கொள்ளுங்கள். ஆனால் இந்தப் பெயரைப் போடக் கூடாது” என்கிறார் அவர். பதிவுக் காகிதத்தை எடுத்துக் காட்டுகிறார். உரிமையாளர் என்ற இடத்தில் அவர் பெயர் இருக்கிறது.

மாங்காய் நறுக்கிய கை பெண்களுடையது. பக்குவம் அவர்களுடையது. ஊர் அறிந்த பெயர் மட்டும் அவருடையது. நாளை அவர் வேறு யாரோ போட்ட ஊறுகாயை அதே பெயரில் விற்பார். நீதிமன்றத்துக்குப் போகலாம். நாங்கள்தான் முதலில் வைத்தோம் என்று வாதாடலாம். ஆனால் அதற்கு ஆதாரமும் பணமும் காலமும் வேண்டும். முதல் நாளே ஒரு வரியைப் படித்திருந்தால் இத்தனை பாடு இல்லை.

வீட்டுக்குள்ளும் இது நடக்கும. அம்மா தையல் கடை நடத்துவார். பதிவு மகன் பெயரில் இருக்கும். குடும்பத்தில் சண்டை மூட்ட நான் இதைச் சொல்லவில்லை. பதிவு யார் பெயரிலோ அவர் பெயரில்தான் தொழில் கடன் வரும். மத்திய அரசுத் துறைகளும் நிறுவனங்களும் ஆண்டுதோறும் வாங்கும் பொருளில் நூற்றுக்கு 25 பங்கைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும் என்று கொள்கை உண்டு. அதில் 3 பங்கு பெண்கள் நடத்தும் தொழில்களுக்கு. அந்த 3 பங்கைக் கேட்கப் போனால் காகிதத்தில் பெண் பெயர் இருக்க வேண்டும் அல்லவா?

ஆகவே தனியாகத் தொழில் செய்பவர் தம் பெயரில் பதிய வேண்டும். குழுவாகச் செய்பவர்கள் முதலில் கூடிப் பேச வேண்டும். “இந்தப் பெயர் குழுவுக்குச் சொந்தம். யாராவது விலகினாலும் பெயர் குழுவோடு இருக்கும்” என்று தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். குழுவைச் சங்கமாகவோ கூட்டாண்மையாகவோ பதிந்தால், பெயரையும் அந்த அமைப்புக்கே வாங்கலாம். தலைவியின் சொந்தப் பெயரில் வாங்க வேண்டாம். தலைவி மாறலாம்.

பதிவால் கிடைக்கும் பலம்

பெரிய கடைக்குச் சரக்குப் போடுகிறோம். பணம் எப்போது வரும்? “அடுத்த வாரம் பார்க்கலாம்” என்பார்கள். அடுத்த வாரம் அடுத்த மாதம் ஆகும். 2006ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டம் இதற்கு ஒரு கெடு வைத்திருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தள்ளக் கூடாது. தள்ளினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இதற்குப் புகார் கேட்கத் தனி மன்றம் மாநிலந்தோறும் உண்டு. உத்யம் பதிவு பெற்று, பொருள் உற்பத்தி செய்பவரும் சேவை செய்பவரும் அங்கே போகலாம். வாங்கி விற்கும் வியாபாரிகளும் உத்யம் பதிவு பெறலாம். ஆனால் அவர்களுக்கு வங்கிக் கடன் முன்னுரிமை மட்டும்தான்.

வங்கியிலும் தொழிலின் பெயரில் கணக்குத் தொடங்கலாம். முத்ரா திட்டத்தில் அடமானம் இல்லாமல் கடன் கேட்கலாம். முதல் படியான ‘சிசு’ பிரிவில் 50,000 ரூபாய் வரை உண்டு. கையில் சான்றிதழ் இருந்தால் பேச்சு எளிதாகும்.

ஏமாறாமல் இருக்க

உத்யம் பதிவுக்குப் பணம் கட்டச் சொல்லும் போலித் தளங்கள் பல உண்டு. அரசுத் தளம் ஒன்றுதான். அதன் முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடியும். சேவை மையத்தில் நிரப்பித் தருபவர் கூலி கேட்கலாம். அது அவருடைய கூலி. அரசுக் கட்டணம் அல்ல.

கைப்பேசிக்கு ஓ.டி.பி. எண் வரும். அந்த எண்ணும் கையெழுத்து மாதிரிதான். எதற்காக வந்தது என்று தெரியாமல் யாருக்கும் சொல்லாதீர்கள்.

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். நிரப்பிய தாளிலும் நான்கு இடங்களைப் படியுங்கள். தொழிலின் பெயர். உரிமையாளர் பெயர். கைப்பேசி எண். வங்கிக் கணக்கு எண். நான்கும் உங்களுடையவையா? அப்போதுதான் கையெழுத்து.

அன்புச் சகோதரிகளே, சகோதரர்களே! முன்பு மற்றவர் காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தோம். இப்போது நமக்கு எழுத்துத் தெரியும். அந்த எழுத்தை முதலில் பயன்படுத்த வேண்டிய இடம் ‘உரிமையாளர்’ என்ற கட்டம்தான். அதில் உங்கள் பெயரை நீங்களே எழுதுங்கள்.

பேசிப் பார்ப்போம்

1. லிஜ்ஜத் பெண்கள் பெயர் வைத்தது எந்த ஆண்டு? சங்கத்தைப் பதிவு செய்தது எந்த ஆண்டு?

2. உத்யம் பதிவுக்கும் வணிகக் குறிப் பதிவுக்கும் என்ன வேறுபாடு?

3. உங்கள் குழுவில் ஒருவர் விலகினால் பெயர் யாரிடம் இருக்க வேண்டும்? கூடிப் பேசித் தீர்மானமாக எழுதுங்கள்.

4. உங்கள் வீட்டில் உள்ள தொழில் காகிதம் ஒன்றை எடுங்கள். உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது? படித்துச் சொல்லுங்கள்.